கோபுரம் பார்த்தோரும் சுவர் படித்தோரும்

ஆடி மாதம் பிறந்து ஐரோப்பியப் பாடசாலைகளுக்கு விடுமுறை விட்டதும், ஏ-9 வீதி வழியே நம்மூர் நோக்கி ஒரு கூட்டம் வரத் தொடங்குகிறது. கிளிநொச்சிச் சந்தையிலும், புதூர் நாகதம்பிரான் கோயிலிலும், முல்லைத்தீவுக் கடற்கரையிலும் அவர்களைக் காணலாம். நம்மவர்கள்தாம், நம் ஒழுங்கைகளில் ஓடி விளையாடியவர்கள்தாம். அவர்கள் வரவு நமக்கு மகிழ்ச்சி தருவது. போருக்குப் பின் வன்னியிற் கூரை கண்ட வீடுகளிற் பல அவர்களது வியர்வையால் எழுந்தவை. அதை மறுப்பவன் நன்றி கொன்றவனாவான்.

ஆனால், அவர்களிடம் பாரிஸ் எப்படியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். உடனே கைப்பேசி திறக்கும். ஈபிள் கோபுரத்தின் முன்னே குடும்பத்தோடு ஒரு படம். கண்ணாடிக் கூம்பின் முன்னே தனியாக ஒரு படம். பிறகு தீர்ப்பு: “சுத்தமெண்டால் அப்பிடிச் சுத்தம். ஒழுங்கெண்டால் அப்பிடி ஒழுங்கு. எங்கட சனம் ஒருநாளும் திருந்தாது.” இரண்டாயிரம் ஆண்டு வரலாறு கொண்ட ஒரு மாநகர், நம் சனத்தைத் திட்டுவதற்கு ஒரு பிரம்பாகச் சுருங்கிவிடுகிறது!

இது பேச்சளவில் நிற்குமாயிற் பொறுத்துக்கொள்ளலாம். எழுத்திலும் இதுவே நிலை. தமிழிற் பயணக் கட்டுரைக்குப் பஞ்சமில்லை. ஏ. கே. செட்டியார் போன்ற சிலர் போன இடமெங்கும் மனிதரைத் தேடினர். அவர் பின்னே வந்தோரிற் பெரும்பாலானோர் கட்டடங்களைத் தேடினர், கட்டடத்தின் உயரத்தை எழுதினர், உண்ட உணவின் விலையை எழுதினர், திரும்பினர்.

மறுபுறம் இன்னொரு சாரார் இருக்கின்றனர். “வெள்ளையனின் நகரத்திற் கற்க நமக்கு என்ன உண்டு? அவன் காட்டில் அலைந்த காலத்தில் நாம் குளங்கட்டி நெல் விளைத்தோம்” என்று மேடை அதிரப் பேசுவோர். இவர்கள் ஊரைவிட்டு அசையமாட்டார்கள்; அசையாமலேயே உலகை வென்றுவிடுவார்கள்.

இவ்விரு சாராரோடும் எனக்கு வழக்கு உண்டு. முதற் சாரார் அயலான் கோபுரத்தை வணங்குகின்றனர். இரண்டாஞ் சாரார் பாட்டன் குளத்தை வணங்குகின்றனர். கோபுரத்துக்கு இரும்பு தூக்கியவன் யார், குளக்கட்டுக்கு மண் சுமந்தவள் யார் என்ற கேள்வி இருவர் நெஞ்சிலும் எழுவதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கும் கண் உடையவனுக்கு ஒரு பழைய நகரம் என்ன தரும் என்பதை, எனக்கு வாய்த்த மூன்று வார அனுபவத்தை வைத்தே சொல்ல விரும்புகிறேன்.

பாரிசின் வடபுறத்துப் புறநகரொன்றில் என் தமக்கை வாழ்கிறார். பத்திரங்களையெல்லாம் சேர்த்து, கொழும்புக்கு இருமுறை அலைந்து, பாடசாலை விடுமுறையில் அவரிடம் போனேன். அத்தான் பதினெட்டு ஆண்டுகளாக நகரத்து உணவகமொன்றின் சமையலறையில் உழைப்பவர். நள்ளிரவில் எந்தத் தெரு உறங்கும், எந்தத் தெரு விழித்திருக்கும் என்பதை அவர் அறிவார். ஈபிள் கோபுரத்தில் அவர் ஒருநாள்தானும் ஏறியதில்லை. “பார்க்கிறதெண்டால் கீழ நிண்டு பார், காணும்” என்றார்.

கீழே நின்றுதான் பார்த்தேன். 1889இல் திறக்கப்பட்ட அக்கோபுரத்தின் முதல் தட்டைச் சுற்றி எழுபத்திரண்டு பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. விஞ்ஞானிகள், கணித அறிஞர், பொறியியலாளர். எல்லோரும் பெருமைக்குரியவர்கள், எல்லோரும் ஆண்கள். அக்கோபுரத்துக்கு ஆணி அறைந்த தொழிலாளர் ஒருவரின் பெயர்தானும் அவ்வரிசையில் இல்லை. அங்கும் இதே கதைதானா என்று மனம் சலித்தது. சலித்த மனத்தோடு திரும்பும் வழியிலேதான் நான் எதிர்பாராத இன்பம் தொடங்கியது.

பிரெஞ்சு மொழி எனக்குத் தெரியாது. என்னோடு வந்தவள் தமக்கையின் மகள், பதினான்கு வயது, அந்நாட்டிற் பிறந்தவள். ஆரம்பப் பாடசாலையொன்றின் வாசலிற் கறுப்புப் பலகையொன்றைக் கண்டு, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அவள் மெல்ல வாசித்துத் தமிழிற் சொன்னாள். 1942 முதல் 1944 வரையில் இப்பகுதியிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட யூதச் சிறுவர்களின் நினைவுப் பலகை அது. பிரான்சிலிருந்து அவ்வாறு கொண்டுசெல்லப்பட்ட பிள்ளைகள் பதினோராயிரத்துக்கும் அதிகமானோர். நாஜிகள் மட்டுமன்றி, அன்றைய பிரெஞ்சு விஷி அரசும் அக்குற்றத்தில் உடந்தை என்று அந்தப் பலகை கூறுகிறது. நாள்தோறும் அந்த வாசலால் பிள்ளைகள் புத்தகப் பையோடு உள்ளே போகிறார்கள். அதைப் படித்துக்கொண்டே போகிறார்கள்.

ஓர் ஆசிரியன் என்ற முறையில் அவ்விடத்தைவிட்டு அகல என்னால் இயலவில்லை. தன் நாட்டின் குற்றத்தைத் தன் பாடசாலை வாசலிலே எழுதி வைத்திருக்கும் ஊரை நான் அதுவரை கண்டதில்லை.

அன்றிலிருந்து நாங்கள் இருவரும் சுவர் படிக்கத் தொடங்கினோம். கோபுரங்களை விட்டுவிட்டோம். 1944 ஆகஸ்டில் நாஜிப் படையிடமிருந்து நகரை மீட்ட நாட்களில் வீழ்ந்தோரின் பெயர்கள் தெருமூலைகளிலும் வீட்டுச் சுவர்களிலும் சிறு கற்களிற் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இன்னார், இவ்விடத்தில் வீழ்ந்தார், அவ்வளவே. சில கற்களின் கீழே பூச்செண்டு செருக ஒரு வளையம். பெரிய தளபதிகள் அல்லர். அந்தத் தெருக்களில் நடந்து திரிந்த சாதாரண மனிதர்கள்.

இதனை இன்பம் என்று சொல்லலாமா என்று வாசகர் கேட்கக்கூடும். சொல்லத்தான் வேண்டும். பெயரில்லாமற் செத்தவர்களின் நடுவே வாலிபனானவன் நான். 2009ஆம் ஆண்டில் உயர்தர வகுப்பு மாணவன். இறந்தவன் பெயரைக் கல்லில் எழுதி, அதற்கு ஒரு பூவும் வைக்கலாம் என்பதைக் கண்ணாற் கண்டபோது எனக்குள் எழுந்த ஆறுதலை வேறு எந்தச் சொல்லால் அழைப்பது?

ஆயினும், பாரிசைப் புகழ்பாட நான் வரவில்லை. அந்தச் சுவர்களும் தாமாகப் பேசவில்லை. சேன் ஆற்றின் மீதுள்ள சென். மிஷேல் பாலத்தருகே ஒரு பலகை உண்டு. 1961 அக்டோபர் 17ஆம் நாள், அல்ஜீரியருக்கென்றே விதிக்கப்பட்ட இரவு ஊரடங்கை எதிர்த்து அமைதியாக ஊர்வலம் வந்தவர்களைப் பொலிசார் அடித்தும் சுட்டும் கொன்றனர். பலரை ஆற்றில் எறிந்தனர். அரசு முதலில் ஒப்புக்கொண்ட சாவுகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை; வரலாற்றாசிரியர் சிலர் கணக்கிடுவது நூற்றுக்கும் மேல். அன்றைய பொலிஸ் தலைவன் மோரிஸ் பப்போன். நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் போர்தோ நகர யூதரை அனுப்பிவைத்த குற்றத்துக்காக 1998இல் தண்டனை பெற்றவனும் அவனே. அந்தப் பாலத்தில் பலகை ஏறியது 2001இல். நாற்பது ஆண்டுகள்! யூதரைப் பிடித்துக்கொடுத்ததிற் பிரெஞ்சு அரசுக்குப் பொறுப்புண்டு என்று அந்நாட்டு ஜனாதிபதி வாய்திறந்து ஒப்புக்கொண்டது 1995இல். ஐம்பத்துமூன்று ஆண்டுகள்! செத்தவரின் பிள்ளைகளும், தொழிற்சங்கத்தாரும், பிடிவாதமான சில ஆய்வாளரும் தட்டித்தட்டித் திறந்த கதவுகள் இவை. அரசு பரிசாக ஈந்தது ஒன்றுமில்லை.

அந்தப் பலகையை வாசித்து முடித்த மருமகள் திடீரென்று, “மாமா, கொல்லப்பட்டவையெண்டு போட்டிருக்கு. ஆர் கொண்டதெண்டு போடேல்லை” என்றாள். உண்மைதான். பொலிஸ் என்ற சொல் அதில் இல்லை. நாற்பது ஆண்டுப் போராட்டத்தின் பின்னும் பாதி வசனமே கல்லில் ஏறியிருக்கிறது. மீதிப் பாதியைப் பதினான்கு வயதுப் பிள்ளை கண்டுபிடித்துவிட்டாள்.

நம்மவர் தவறாமற் படமெடுக்கும் இன்னோரிடம் மொன்மார்த்ர் குன்றின் மேலுள்ள வெள்ளைத் தேவாலயம். அந்தக் குன்றிலேதான் 1871 மார்ச் 18ஆம் நாள், தங்கள் பீரங்கிகளைப் பறிக்கவந்த படைகளைப் பாரிசின் ஏழை மக்கள் தடுத்து நின்றனர். பாரிஸ் கொம்யூன் பிறந்தது. மே மாத இறுதி வாரத்தில் அது இரத்தத்தில் அமிழ்த்தப்பட்டது. நான்கு ஆண்டுகள் சென்றபின், கொம்யூனின் ‘பாவங்களுக்கும்’ பரிகாரமென்று அதே குன்றில் அத்தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டினர். வென்றவனின் நினைவுச்சின்னம் குன்றின் உச்சியில். உலகமே வந்து படமெடுக்கிறது. தோற்றவர்களுக்கோ நகரின் கிழக்கே பெர் லாஷேஸ் இடுகாட்டின் மூலையில் ஒரு வெறுஞ்சுவர். 1871 மே 28இல் அச்சுவரில் நிறுத்தி நூற்று நாற்பத்தேழு பேரைச் சுட்டனர். ஆண்டுதோறும் மே மாதத்தில் தொழிலாளர் செங்கொடியும் செம்மலருமாக இன்றும் அங்கே போகின்றனர். நாங்கள் போன நாளிலும் யாரோ வைத்த சிவப்புப் பூக்கள் வாடிக் கிடந்தன.

கார்னவாலே என்ற நகர நூதனசாலையிலும் ஒரு வியப்பு. நுழைவுக் கட்டணமில்லை. முதற் கூடத்தில் அரசரும் முடியும் இருக்குமென்று எதிர்பார்த்த எனக்கு, பழைய கடைகளின் பெயர்ப்பலகைகளும் தொழிற்சின்னங்களும் தலைக்குமேல் வரிசையாகத் தொங்குவது கண்ணிற் பட்டது. தொழிலாளியும் சிறுகடைக்காரனும் தன் வாசலில் மாட்டிய பொருளை நகரத்தின் செல்வமென்று காத்து வைத்திருக்கின்றனர்.

எல்லாவற்றிலும் என்னை அசைத்த செய்தி வேறொன்று. 1871 மே மாதப் போரில் பாரிஸ் நகர மண்டபம் எரிந்தது, நீதிமாளிகையும் எரிந்தது. பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளின் ஒரு பிரதி ஓரிடத்திலும் மறுபிரதி மற்றையதிலும் இருந்தன. இரண்டும் சாம்பலாயின. 1860க்கு முந்திய சுமார் எண்பது இலட்சம் பதிவுகள் அழிந்தன. மூன்று நூற்றாண்டு மக்களின் பிறப்பும் இறப்பும் ஒரே நாளில் இல்லாமற் போயின. அதன் பின் என்ன செய்தனர்? 1872இற் சட்டமியற்றிக் குழுவமைத்தனர். வீட்டுப் பெட்டியிற் கிடந்த பழைய சான்றிதழ்களைக் கொண்டுவருமாறு மக்களைக் கேட்டனர். தேவாலய ஏடுகளையும் நொத்தாரிசுகளின் கட்டுகளையும் புரட்டினர். பல்லாண்டு உழைப்பின் பின் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு பதிவுகளை மீட்டெடுத்தனர். எரிந்த நகரம் தன் மக்களின் பெயர்களை மக்களின் பெட்டிகளிலிருந்தே திரும்பப் பெற்றது.

திரும்புவதற்கு முதல்நாள் மாலை. ஆற்றங்கரையிற் காசு கேட்காத ஒரு வாங்கில் இருந்தோம். மருமகள் கேட்டாள்: “மாமா, எங்கட ஊரில இப்பிடி எங்க எழுதியிருக்கு? அடுத்த முறை வரேக்க எனக்குக் காட்டுவீங்களோ?”

என்னிடம் விடையில்லை.

நம்மூரில் எழுதியிருப்பது என்ன? கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரம் குண்டு துளைத்த கொங்கிறீற்றுக் கல்லின் மீது தாமரை பூத்து நிற்கிறது, வென்றவரின் சின்னம். ஆனையிறவிலும் புதுக்குடியிருப்பிலும் அத்தகையனவே. ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவில், பண்டாரவன்னியனை 1803இல் வொன் டிறிபேர்க் என்னும் கப்டன் தோற்கடித்ததை ஆங்கிலத்திற் சொல்லும் ஒரு கல். அதுவும் வென்றவன் நட்டதே. இருநூறு ஆண்டுகளாக இந்த மண்ணிற் கல் நடும் உரிமை வென்றவனுக்கே உரியதாயிருக்கிறது. தோற்றவருக்குக் கல்லில்லை, இருந்த கல்லறைகளும் 2009க்குப் பின் இடித்துத் தள்ளப்பட்டன. மொன்மார்த்ர் குன்றைப் பார்த்தபோது நான் ஏன் நெடுநேரம் பேசாதிருந்தேன் என்பதை வாசகர் இப்போது உணர்வர்.

“எழுத விடுகிறார்களில்லையே, நாம் என்ன செய்வது?” என்று கேட்போரின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. விளக்கேற்றுவதற்கே தடையுத்தரவு வந்த ஆண்டுகளை நாம் கண்டோம். ஆனால் இந்த நியாயத்தின் நிழலில் நமது சோம்பலும், அதைவிடக் கொடிய நமது கள்ளமும் படுத்துறங்குகின்றன. தடையில்லாத பெயர்களையாவது எழுதினோமா?

கிளிநொச்சி 1930களிற் குடியேற்றத் திட்டமாய் எழுந்த ஊர். இரணைமடுக் குளத்தின் வரலாற்றை எழுதும்போது வெள்ளைக்காரப் பொறியியலாளரின் பெயரை மறவாது குறிக்கிறோம். மண் சுமந்தவர் எவர்? 1958இலும் 1977இலும் இனவெறித் தாக்குதலுக்குத் தப்பிவந்த மக்களுள், மலையகத் தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் களனியாக்கியவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! அவர்களது பிள்ளைகள் இன்றும் காணிப் பத்திரத்துக்கு அலைகின்றனர். நமது கோயில் மலர்களிலும் ஊர் வரலாறுகளிலும் அவர்களுக்கு எத்தனை பக்கம் ஒதுக்கினோம்? அவர்களைக் கமத்திற் கூலிக்கு வைத்துக்கொண்டோம். வரலாற்றிலிருந்து விலக்கி வைத்தோம்.

இன்னும் கசப்பான ஒன்றையும் கேட்கிறேன். 1990 அக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர். முல்லைத்தீவு நீராவிப்பிட்டியிலிருந்தும் போனார்கள். அவர்களது படலைகளை நாம் பார்த்துக்கொண்டு நின்றோம். அதற்காக நமதூரில் ஒரு கல் உண்டா? ஒரு பாடசாலை வாசலில் ஒரு வசனம் உண்டா? பிறர் நமக்குச் செய்ததை மட்டும் எழுதிவிட்டு, நம் பெயரால் நடந்ததை மறைப்போமாயின், நாமும் பாதி வசனம் எழுதியவர்களே. பதினான்கு வயதுப் பிள்ளை நம்மையும் கண்டுபிடித்துவிடுவாள்.

ஊர் திரும்பியதும் எனது பத்தாந்தர மாணவருக்கு ஒரு வேலை கொடுத்தேன். உங்கள் வீட்டுக் கிணற்றை வெட்டியவர் யார்? உங்கள் ஊருக்கு முதலில் வந்த குடும்பங்கள் எவை? எப்போது, எங்கிருந்து, எதனால் வந்தன? வீட்டிலுள்ள முதியவரைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். இலக்கண வகுப்பில் வாய்திறவாத ஒரு பையன் பதினொரு பக்கம் எழுதி வந்தான். தோட்டத்து லயத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு 1977இல் வந்து சேர்ந்த அப்பாயி. அவர் வெட்டிய கிணறு. அக்கிணற்றில் ஊரவர் சிலர் தண்ணீர் அள்ள மறுத்த காலம். பையன் எதையும் ஒளிக்கவில்லை.

மறுவாரம் பெற்றோர் ஒருவர் பாடசாலைக்கு வந்தார். “பழசையெல்லாம் கிண்டாதேங்கோ, சேர். சோதனைக்கு வாறதைப் படிப்பியுங்கோ” என்றார். அவரது குரலிற் கோபத்தைவிட அச்சமே மிகுந்திருந்தது. அவ்வச்சம் எனக்கும் உண்டு. அரச ஊழியத்தில் இருப்பவன் நான். ஆனாலும் கொப்பிகளை நிறுத்தவில்லை. இதுவரை நாற்பத்தாறு கொப்பிகள் சேர்ந்திருக்கின்றன.

அவற்றைப் புரட்டும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. நமது பத்திரங்கள் முழுவதும் அழிந்துவிடவில்லை. 2009இல் எங்கள் வீட்டுப் பத்திரப் பை மாத்தளனிலே நின்றுவிட்டது; அவ்வாறு இழந்தோர் பல்லாயிரவர். ஆயினும் அதற்கு முந்திப் புறப்பட்ட பெட்டிகள் பல இன்னும் இருக்கின்றன. 1980களிலும் 1990களிலும் வெளிநாடு போன அண்ணன்மாரும் அக்காமாரும் தாய்தந்தையின் காணி உத்தரவுப் பத்திரப் பிரதியையும், கலியாணப் படத்தையும், ஊரிலிருந்து வந்த கடிதங்களையும் பாரிசிலும் இலண்டனிலும் தொரொன்ரோவிலும் அலுமாரித் தட்டில் வைத்திருக்கின்றனர். எரிந்த பாரிசின் ஏடுகள் வீட்டுப் பெட்டிகளிலிருந்து திரும்பி வந்ததுபோல, எரிந்த வன்னியின் ஏடுகளும் அந்தப் பெட்டிகளிலிருந்தே வரவேண்டும்.

ஆகவே, அடுத்த ஆடியில் ஊருக்கு வரவிருக்கும் அன்பர்களே! பாரிஸ் எவ்வளவு சுத்தமென்று நமக்குச் சொல்லவேண்டாம். அத்தான் போன்றோரே விடியற்காலையில் அதைக் கழுவுகின்றனர் என்பது நமக்குத் தெரியும். சொக்கிலேற்றுப் பொதி நிறுத்தப்படும் பயணப் பெட்டியில் ஒரு மூலையை ஒதுக்குங்கள். அலுமாரித் தட்டிலுள்ள கடதாசிகளிற் பிரதியெடுத்துக் கொண்டுவாருங்கள். கிணறு வெட்டியவன் பெயர் அதில் இருக்கலாம். படலையைச் சாத்திவிட்டுப் போன அயலவன் பெயரும் இருக்கலாம். உங்கள் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்; சுவர் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் அவர்கள். நாற்பத்தேழாவது கொப்பி வெறுமையாக இருக்கிறது. அதில் முதல் வரியை அவர்கள் எழுதட்டும்.